பல்லுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

ஏலே பேராண்டி, சென்னையில பெரிய சம்பளம் வாங்குத பய நீ. ஒனக்குப் புத்தி சொல்ல நான் யாரு? பல் தேய்ச்ச கையோட வேப்பங்குச்சியை வேலிக்கு அந்தப் பக்கம் வீசிட்டு, அதோட உறவை முடிச்சுக்கிடுத நாட்டுப்புறத்தான். ஒன் பிரஷ்ஷோ தேய்ச்சு முடிச்ச பொறவும் ஒன்னை விடாதாம்லா. எத்தனை நிமிசம் தேய்ச்சே, எந்தக் கடவாய்ப் பல்லை ஏமாத்தினே, எவ்வளவு அழுத்தினேன்னு செல்போனுக்குச் சொல்லும். அந்தச் செல்போன் பிரஷ் கம்பெனிக்காரனுக்குச் சொல்லும். நல்லதுதாம்லே. பெத்த அம்மைக்குத் தெரியாத சங்கதி கண்காணாத சீமையில ஒருத்தனுக்குத் தெரியுதுன்னா, நம்ம குடும்பத்துக்கு எவ்வளவு பெருமை!

இது நேத்து மொளைச்ச காரியமும் இல்ல. அமெரிக்காவுல லாஸ் வேகஸ்னு ஒரு ஊரு. வருசா வருசம் சனவரியில அங்க மின்சாதனக் கண்காட்சி போடுவாவ. 2013-ல அங்க ஒரு முள்கரண்டியைக் காட்டினாவ, பேரு ஹாப்பிஃபோர்க். அவசரமா அள்ளித் தின்னா கையில அதிர்ந்து எச்சரிக்கும். சோத்தைப் பிசைஞ்சு அள்ளுத நமக்கு அது மாதிரி வேணும்னா, அஞ்சு விரலையும்லா கழத்தி சார்ஜ் போடணும்! அடுத்த வருசம் கோலிப்ரீன்னு பிரெஞ்சுக்காரன் செஞ்ச பல் பிரஷ் வந்துது, ஒன்னோடது மாதிரி. 2017-ல வந்ததுதான் எனக்குப் பிடிச்சது: லோரியல் கம்பெனியும் விதிங்ஸ் கம்பெனியும் சேர்ந்து செஞ்ச தலைசீவுத பிரஷ். அதுக்குள்ள மைக் வச்சிருந்தாவ. சீவும்போது முடி உடையுத சத்தத்தை ஒட்டுக்கேட்டு, கேசம் எப்படி இருக்குன்னு சொல்லுமாம். ஒன் ஆச்சியும் பக்கத்து வீட்டுக்காரியும் பேன் பாத்துக்கிட்டே பேசுத பேச்சை அது கேட்டிருந்தா, முடிக்கு முன்னால பிரஷ்தான் உடைஞ்சிருக்கும்.

கையில ஒரு பட்டை கட்டிருக்கியே, பத்தாயிரம் அடி நடந்தாத்தான் அது ஒனக்குச் சபாஷ் போடும், இல்லியா? அந்தக் கணக்கு எந்த வைத்தியரும் எழுதிக் கொடுத்த சீட்டுல இருந்து வரல. 1965-ல சப்பான்ல அடி எண்ணுத கருவியை விக்க ஒரு கம்பெனி கட்டின விளம்பரத்துல இருந்து வந்தது. யாவாரி சொன்ன தொகை ஒனக்கு வேதமாப் போச்சு. நடை நல்லதுதான், நட. ஆனா நடந்ததுக்குச் சாட்சி எதுக்குலே?

கருவி எண்ணுததுல எனக்கு வழக்கு இல்ல. சக்கரைக்காரனுக்கும் இருதயக்காரனுக்கும் வைத்தியர் மாட்டிவிடுத கருவியை நான் கேலி பண்ணவும் மாட்டேன். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு: எழுதின பேரேடு எவன் கையில இருக்கு? சம்பளத்தை ஒங்கிட்ட வாங்கிட்டு, பேரேட்டை அடுத்தவன் வீட்டுல கொண்டு வைக்குத கணக்குப்பிள்ளையை நீ வேலைக்கு வைப்பியா?

அமெரிக்காவுல பீம்னு ஒரு பல் இன்சூரன்ஸ் கம்பெனி. ஆளுகளுக்கு புளூடூத் பிரஷ்ஷைக் கொடுத்து, ஒழுங்காத் தேய்க்குத கூட்டத்துக்கு பிரீமியத்தைக் குறைச்சுது. தங்கமான மனசுல்லா! குறைக்கத் தெரிஞ்சவனுக்கு ஏத்தத் தெரியாதான்னு மட்டும் கேட்டுராத. மாதவிலக்கு நாளைக் குறிச்சு வைக்குத ஃப்ளோன்னு ஒரு செயலி. தகவலை ரகசியமா வச்சுக்கிடுவோம்னு சொல்லிட்டு, ஃபேஸ்புக், கூகுள் வரைக்கும் கொடுத்துட்டுன்னு அமெரிக்க வர்த்தக ஆணையம் குத்தம் சாட்டி, 2021-ல சமரசத்துல முடிச்சாவ. 2018-ல வெளிய வந்தது இன்னொரு கூத்து. ஸ்ட்ராவான்னு ஒரு செயலி, ஆளுக ஓடுத பாதையெல்லாம் ஒளியாக் காட்டுத உலகப் படத்தைப் போட்டிருந்துது. பாலைவனத்து இருட்டுல அங்கங்க வெளிச்சம். என்னன்னு பாத்தா, அமெரிக்கப் பட்டாளத்துக்காரன் முகாமைச் சுத்தி ஓடுத தடம்! துப்பாக்கி வச்சிருக்கவன் ரகசியமே அப்படின்னா, பிரஷ் வச்சிருக்கவன் ரகசியம் எம்மாத்திரம்?

2024-ல 30 லட்சம் பிரஷ் ஒண்ணாச் சேர்ந்து ஒரு கம்பெனி இணையதளத்தையே முடக்கிட்டுன்னு சுவிஸ் பத்திரிகையில வந்து, உலகம் பூராப் பரவுச்சு. பொறவுதான், அது நடக்கல, எடுத்துக்காட்டுக்குச் சொன்ன கதைன்னு தெரிஞ்சுது. ஆனா பாத்துக்கோ, பல் தேய்க்குத சாமான் கலகம் பண்ணிட்டுன்னு சொன்னா, படிச்சவன்லாம் நம்பத் தயாரா இருக்குத காலம் இது.

அதனால கெழவன் சொல்லைக் கொஞ்சம் கேளு. அடுத்த தடவை வாங்கப் போனா, செல்போனும் செயலியும் இல்லாம இது ஓடுமான்னு கடைக்காரன்கிட்ட மொதல்ல கேளு. ரெண்டு நிமிசம் ஆனதும் தானா நிக்குத சாதா எலக்ட்ரிக் பிரஷ் இருக்கு. அதுக்கு இணையம் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். ஏற்கெனவே வாங்கித் தொலைச்சிருந்தா, செயலி கேக்குததை எல்லாம் சரி சரின்னு அமுக்காத. இருப்பிடம் கேக்கா? பல் இருக்குத இடம் வாய். அதுக்கு எதுக்குலே ஜிபிஎஸ்? செல்போன்ல உள்ள பேரும் நம்பரும் கேக்கா? ஒன் மாமனாரு பல்லையுமா அது தேய்க்கப் போவுது? மறுத்துரு. பழசை விக்கும்போது கருவியை மட்டும் துடைச்சுக் கொடுத்தாப் பத்தாது, உள்ள இருக்குத கணக்கையும் அழிச்சுரு. கேக்காம எடுக்கக் கூடாது, அழின்னா அழிக்கணும்னு 2023-ல நம்ம நாட்டுலயும் சட்டம் நிறைவேத்திருக்காவ. ஆனா சட்டத்தை நம்பி வாசக்கதவைத் தொறந்து போட்டுத் தூங்குதவன் நம்ம தெருவுல யாரும் இல்ல.

மத்தபடி வைத்தியம் பழசுதான். காலையும் ராவும் ரெண்டு நிமிசம் தேய். மிட்டாயைக் குறை. வருசத்துக்கு ஒருக்கா பல் டாக்டர்கிட்ட வாயைத் தொற. அவருகிட்ட மட்டும் தொறந்தாப் போதும்.