பழைய பாப்-அப் கேம்பரில் ஈரக் கூறுகள்: ஓர் ஆய்வு

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதற்கென்றே ஒரு சிறு வீடு விற்கிறார்கள். டிரக் கேம்பர் என்று பெயர். ஓடும்போது கூரை தாழ்ந்தும் நிறுத்தியபின் உயர்ந்தும் நிற்கிற வகை பாப்-அப் எனப்படும். உயர்ந்த கூரைக்கும் கீழ்ச்சுவருக்கும் நடுவே வினைல் துணிதான் சுவர். இப்படிப்பட்ட வீட்டில் இன்னொருவர் பத்துப் பதினைந்து வருடம் குடித்தனம் நடத்தி முடித்தபின் அதை வாங்குவோர், பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆய்வின் எல்லை கூரையின் மேல்தோலில் தொடங்கிக் கேம்பரின் அடிப்பலகையில் முடிகிறது. அதற்குக் கீழே இருக்கும் பிக்கப்பைப் பற்றி, எடை, பக்கச்சுவர் உயரம் என்ற இரண்டைத் தவிர, இங்கே பேச்சில்லை.

கருதுகோள் வருமாறு: பழைய கேம்பரின் குறைகள் இரண்டே வகைப்படும். தண்ணீரால் வந்தவை, மற்றவை. மற்றவற்றுக்கு விலையைக் குறைத்துப் பேசலாம். தண்ணீர் பேரத்துக்கு வராது.

ஆய்வேடு என்றால் முன்னோடிகளைச் சொல்லாமல் இரண்டாம் பக்கத்துக்குப் போக முடியாது. 1960-ல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் ஒரு ஜிஎம்சி பிக்கப்பின் மேல் கேம்பரை ஏற்றி, சார்லி என்ற தன் நாயோடு அமெரிக்காவைச் சுற்றிவந்தார். டான் கிஹோட்டேயின் குதிரைப் பெயரான ரோசினான்டேயை வண்டிக்கு வைத்தார். 1962-ல் அந்தப் பயணத்தைப் பற்றிய புத்தகம் வந்தது; அதே ஆண்டில் நோபல் பரிசும் வந்தது. வண்டி இன்றும் கலிபோர்னியாவின் சலீனஸ் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆனால் ஸ்டைன்பெக் புதிதாகச் சொல்லிச் செய்து வாங்கியவர். அவருடைய கேம்பரின் கூரையும் மேலே ஏறாத கூரை. ஆகவே நமக்கு அவர் வழித்துணையே தவிர வழிகாட்டி அல்லர். 1950-களில் ஆர்.டி. ஹால் என்பவர் ஹைட்ராலிக் விசையால் கூரையை ஏற்றுகிற, சுவரும் கெட்டியாக உள்ள 'அலாஸ்கன்' கேம்பரைக் கொண்டுவந்தார். அலுமினியச் சட்டமும் துணிச் சுவருமாகக் கேம்பர் செய்யும் 'ஃபோர் வீல்' நிறுவனம் 1972-ல் தொடங்கியது. இவர்களும் செய்து விற்றவர்கள். வாங்குகிறவனின் நிலைமை வேறு.

சான்றுகளை முதன்மைச் சான்று, துணைமைச் சான்று எனப் பிரிப்பது மரபு. இத்துறையில் மரம், துணி, வாடை மூன்றும் முதன்மைச் சான்றுகள். விற்பவரின் வாய்மொழி துணைமைச் சான்று; அதையும் பாடபேதம் பார்த்துத்தான் கொள்ள வேண்டும். "போன கோடை வரைக்கும் எல்லாம் நன்றாக ஓடியது" என்றால், அதற்குப் பிறகு யாரும் சுவிட்சைத் தொடவில்லை. "சின்னக் கறைதான், பார்வைக்கு மட்டும்" என்றால், அவர் பார்த்த அளவில் சின்னது. "சாயங்காலம் இன்னொருவர் பார்க்க வருகிறார்" என்ற வாக்கியம் கிடைத்த பிரதிகள் அனைத்திலும் ஒரேபோல் காணப்படுவதால் இடைச்செருகல் என்று தள்ளிவிடலாம்.

களப்பணியின் முதற்கருவி மூக்கு. புறப்படுமுன் போன் செய்து, வந்து சேரும்வரை கதவைத் திறந்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பல நாள் மூடிக் கிடந்த கேம்பரைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுகிற அந்த முதல் காற்றில்தான் தகவல் இருக்கிறது. ஐந்து நிமிடம் போனால் அது வெறும் காற்று. மக்கல் வாடை வந்தால் எங்கோ ஈரம் தங்கியிருக்கிறது. லாவெண்டர் வாடை வந்தால், ஈரம் தங்கியிருப்பது விற்பவருக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்து, டிரைவர் தலைக்கு மேலே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைப் பகுதி. இந்த ஆய்வின் கருவறை இதுதான். மெத்தையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினால் போதாது, முழுதாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். டார்ச்சோடு உள்ளே தவழ்ந்து போய் முன்மூலை இரண்டையும் பாருங்கள். நடுவில் வெளிறி விளிம்பில் கறுத்த பழுப்பு வளையம் தெரிந்தால் தண்ணீர் ஒருமுறையாவது வந்து காய்ந்திருக்கிறது. வளையத்துக்குள் வளையம் என்றால் வாடிக்கையாக வந்துபோயிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல பலகை விரலைத் திருப்பித் தள்ளும்; கெட்ட பலகை விரலுக்கு வழிவிடும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே நகர்ந்தால் 'டொக் டொக்' என்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் 'பொத்' என்று இறங்கும். அந்தப் 'பொத்' தொடங்குகிற இடத்துக்கும் முடிகிற இடத்துக்கும் இடைப்பட்ட மரம் பெயரளவில்தான் மரம். ஒரு மூலையில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால், அது ஏன் அங்கே மட்டும் என்று கேட்காமல் கீழே இறங்காதீர்கள்.

தண்ணீர் அங்கே எப்படிப் போயிற்று? ஒழுகல் என்றதும் எல்லோரும் கூரையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். கேம்பரின் நெற்றியில் வெளிப்புறம் வரிசையாக ஆரஞ்சு விளக்குகள் இருக்கும். அவற்றைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை. நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் மழைக்குள் போகிற வண்டிக்கு மழை மேலிருந்து பெய்வதில்லை, எதிரிலிருந்து அடிக்கிறது. அது விளக்கின் விளிம்பில் புகுந்து, தகரத்துக்குப் பின்னால் இறங்கி, மெத்தைக்கு அடியில் குடியேறிவிடுகிறது. மேலே கூரை சுத்தமாக இருக்கும்.

இரண்டு ஊசி வைத்த ஈரமானி கடையில் கிடைக்கிறது. அதில் 20 விழுக்காட்டைத் தாண்டிக் காட்டினால் மரம் இற்றுப்போகத் தயாராகிறது என்று பொருள். ஆனால் இக்கருவிக்கு ஊர்ப்பாசம் அதிகம். வாஷிங்டன் மாநிலத்திலும் ஓரிகானிலும் மாதக்கணக்காக மழைத் தூறலில் நின்ற கேம்பரைப் பற்றி உண்மையைச் சொல்லும். அரிசோனா பாலைவனத்தில் நிற்கிற கேம்பரில் முன்னொரு காலத்தில் மரம் இற்றிருந்தாலும், இப்போது காய்ந்துபோய் எண் சாதுவாகத்தான் நிற்கும். அங்கே ஊசியைவிட ஸ்க்ரூடிரைவர் முனையை நம்பலாம். அரிசோனாவின் தனிக்குறை வெயில்: துணி விறைத்திருக்கும், ஒட்டுப்பசை வெடித்திருக்கும். மின்னசோட்டா போன்ற பனி மாநிலங்களில் வேறு இரண்டு: குளிருக்கு ஒதுங்கிய எலியும், குழாய்க்குள் உறைந்த தண்ணீரும். குளிர்காலத்துக்கு முன் குழாயில் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் ஊற்றினாரா என்று விற்பவரைக் கேளுங்கள். "ஊற்றாமல் இருப்பேனா?" என்று பதில் வந்தாலும், தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பம்பைப் போட்டு, குழாய்களை எல்லாம் மூடிவிட்டுக் காதைக் கொடுங்கள். ஒருவரும் தண்ணீர் திறக்காமலே பம்பு அவ்வப்போது தானாக 'டர்ர்' என்றால், எங்கோ யாரோ தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஏணி வைத்துக் கூரையைப் பார்க்காத ஆய்வு ஏற்கத்தக்கதன்று. கூரையின் விளிம்புகளும் காற்றுத்துளையைச் சுற்றிய இடமும் ஒரு தொல்லியல் குழி. மேலடுக்கில் துணி டேப், அதன்கீழ் கறுப்புத் தார், அதன்கீழ் வீட்டுக் குளியலறைக்கு வாங்கி மிச்சமான சிலிகான், எல்லாவற்றுக்கும் அடியில் தொழிற்சாலை வைத்த பியூட்டைல் பட்டை. ஒவ்வோர் அடுக்கும் ஓர் உரிமையாளரின் ஆட்சிக்காலம்; ஒவ்வோர் ஆட்சியும் ஒரு மழையில் முடிந்திருக்கிறது. இவற்றில் சிலிகான் காலம் இருண்ட காலம். அதன்மேல் எந்தப் புதுப்பசையும் பிடிக்காது. சுரண்டி எடுத்தால்தான் உண்டு. ஒரே அடுக்காக, வெண்மையாக, வெடிப்பில்லாமல் பசை இருந்தால் அந்த உரிமையாளரோடு மேற்கொண்டு பேசலாம்.

கூரையை விற்பவர் ஏற்றிக் காட்டுவார். நீங்களும் ஒருமுறை ஏற்றுங்கள். சிலவற்றில் முன்னும் பின்னும் மடியும் பலகையைத் தோளால் தள்ள வேண்டும், சிலவற்றில் கைப்பிடியைச் சுழற்றினால் கம்பிவடம் இழுத்துத் தூக்கும். சோலார் தகடும் படகுக் கம்பியும் கூரைமேல் ஏறியிருந்தால், தள்ளுகிறவர் முதுகுக்கும் சேர்த்து விலை பேசுங்கள். ஏறிய கூரை நான்கு மூலையிலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா? மடிபலகையின் கீல் ஸ்க்ரூக்கள் மரத்தைப் பிடித்திருக்கின்றனவா, சும்மா குந்தியிருக்கின்றனவா?

துணியைப் பட்டப்பகலில்தான் பார்க்க வேண்டும். உள்ளே போய், ஜன்னல் மடல்களை எல்லாம் மூடி, கதவையும் சாத்திவிட்டுக் கண் பழகும்வரை நில்லுங்கள். துணி மடிகிற கோடுகளில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அத்தனையும் வருங்காலத்தில் சொட்டும் இடங்கள். கரும்புள்ளிகள் கூட்டமாக இருந்தால், நனைந்த துணியை உலர்த்தாமல் மடித்து மூடியிருக்கிறார்கள். துணிச் சுவரை முழுதாக மாற்றுவது சில்லறைச் செலவல்ல. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற மாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஜிப்பை எல்லாம் திறந்து மூடிப் பாருங்கள்.

அடுத்த சோதனைக்கு விற்பவர்கள் முகம் சுளிப்பார்கள்: கேம்பரைப் பிக்கப்பிலிருந்து இறக்கிக் காட்டச் சொல்வது. நான்கு மூலையிலும் உள்ள ஜாக்கிகளின்மேல் முழு எடையும் ஏறும்போது, ஜாக்கியைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புத் தாங்கியைப் பாருங்கள். அது கொஞ்சம் வெளியே சாய்ந்தாலும் உள்ளே போல்ட் கடித்துக்கொள்ள மரம் இல்லை என்று அர்த்தம். மெத்தைக்கு அடியில் தப்பிய தண்ணீர் இங்கே பிடிபடும். அடிப்பலகையையும் அப்போதே குனிந்து பார்த்துவிடலாம். அடியில் தலையை முழுதாக நுழைக்க வேண்டாம். ஆய்வாளர் உயிரோடிருந்தால்தான் ஆய்வு நிறைவுறும்.

எடை 'மற்றவை' வகையைச் சேர்ந்தது போலத் தோன்றும். அதிலும் தண்ணீருக்குப் பங்கு உண்டு. பிக்கப்பின் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அது 1,500 என்று வைத்துக்கொள்வோம். கேம்பரின் விளம்பர எடை 1,100. இது தொட்டி காலியாக இருக்கும்போதைய எடை. ஒரு காலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 20 காலன் தொட்டி நிறைந்தால் 167. கணவனும் மனைவியும் சேர்ந்து 330 என்றால் மொத்தம் 1,597. அரிசி மூட்டை இன்னும் ஏறவில்லை. பேட்டரியும் கேஸும் நாயும் வாசலில் நிற்கின்றன. "என் வண்டி அசால்ட்டாக இழுக்கும்" என்பார் விற்பவர். இழுப்பது இன்ஜின், தாங்குவது பின் அச்சும் டயரும். கேம்பரின் கனம் மொத்தத்தில் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. எண்பதுகளின் கேம்பரை இன்றைய பிக்கப்பில் ஏற்றுவோருக்குக் கூடுதலாக ஒன்று: இன்றைய வண்டிகளின் பக்கச்சுவர் உயரம். கேம்பரின் இருபுறமும் நீண்டிருக்கும் இறக்கைகள் அதில் இடிக்கும். அடியில் ஃபோம் பலகை போட்டு உயர்த்த வேண்டியிருக்கும். அளவுநாடா எடுத்துப் போங்கள்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேஸ், பேட்டரி, வீட்டு மின்சாரம் என மூன்று வழியில் ஓடும் ஃப்ரிட்ஜ், ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த ஃபான் பிளாட்டன், முன்டர்ஸ் இருவரும் 1922-ல் கண்டுபிடித்த அம்மோனியா முறையில் இயங்குகிறது. இயற்பியலாளர்கள் ஐன்ஸ்டைனும் சிலார்டும்கூட ஒரு ஃப்ரிட்ஜுக்கு 1930-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். கேம்பர் ஏறும் பாக்கியம் அதற்குக் கிட்டவில்லை. இந்த அம்மோனியா ஃப்ரிட்ஜ் குளிர மணிக்கணக்காகும் என்பதால் முந்தைய இரவே போட்டுவைக்கச் சொல்லுங்கள். வெளிப்புற மூடியைக் கழற்றினால் பின்னால் மஞ்சள் பொடி படிந்திருக்கிறதா? இருந்தால் அது அலமாரி. கேஸ் சிலிண்டரின் கைப்பிடி முக்கோணமாக இல்லையென்றால் 2002 முதல் நிரப்பித் தருவதில்லை. கழுத்துப் பட்டையில் அடித்த தேதிக்குப் பின் 12 ஆண்டு கடந்திருந்தால் மறுபரிசோதனை வேண்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஓய்விலிருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுசு, 12-க்குக் கீழே இறங்கினால் கிட்டத்தட்டக் காலி. இவை எல்லாமே கடையில் காசு கொடுத்தால் கிடைப்பவை. இவற்றுக்காக நல்ல கூரையைக் கைவிடுவது அசட்டுத்தனம்.

காகிதம் பற்றி ஒரு வரி. சில மாநிலங்களில் கேம்பருக்குத் தனி உரிமைச் சான்று உண்டு, சிலவற்றில் அது வெறும் சரக்கு. உங்கள் மாநிலத்தில் எப்படி என்று வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போனால் பிறகு அலைய வேண்டாம்.

முடிவாக விலை. மரம் கெட்டியாக இருந்து மற்றதெல்லாம் பழுதென்றால், பழுதின் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். மற்றதெல்லாம் பளபளவென்று இருந்து மரம் 'பொத்' என்றால், அந்தக் கேம்பரின் நியாய விலை அதன் நான்கு ஜாக்கிகளின் பழைய விலைதான். ஜாக்கிகள் நன்றாக இருந்தால் அந்த விலைக்குக் கேட்டுப் பாருங்கள்.