மேடை அச்சமும் இருபது காசும்: ஒரு சிற்றிலக்கணம்

விகாரம் மூன்று என்றார் நன்னூலார்: தோன்றல், திரிதல், கெடுதல். எழுத்துகளை நினைத்துச் சொன்னார். கோல சிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் உள்ளங்கையில் வித்தை காட்ட இருபது காசை வைத்தால் அதற்கும் இதே மூன்றுதான் நேரும். தோழியின் காதுக்குப் பின்னாலிருந்து வருவது தோன்றல். பத்துக் காசாக மாறுவது திரிதல். அது பெரிய பிள்ளைகளுக்கே கைவரும், விடுவோம். கெடுதலே, அதாவது காசு மறைவதே, தலையாயது. (மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2008 ஏப்ரல் 1 முதல் கடை பில்லில் ஒரு காசைக் கெடச் செய்தது. யாரும் கைதட்டவில்லை.)

இனி, பிள்ளைகள். பள்ளிச் சபைகூடலில் மைக் பிடிப்போர் இருவகையர். முதலாவது கல்வகை: நிற்கும், வியர்க்கும், அசையாது. மற்றது வெள்ளவகை: "மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே" தொடங்கி "நன்றி, வணக்கம்" வரை ஒரே மூச்சு. நடுவில் ஒரு சொல் தவறினால் மறுபடி மதிப்பிற்குரியவரிடமே ஓடிவரும். அச்சம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார்: தெய்வம், விலங்கு, கள்வர், அரசர். தலைமையாசிரியரை அரசரில் அடக்கிவிடலாம். மைக்கை எதில் அடக்குவது?

இவ்வட்டாரத்தில் மேடை அச்சம் பழைய நோய். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே, மலாயாவை வைத்து நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கினார். விடியலில் பேர்கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நின்ற தோட்டத் தொழிலாளர்களுக்கோ, பேர் கூப்பிட்டால் ஒரு சொல் பதில். அதுவே மேடை, அதுவே உரை.

மருந்து, காசை மறைக்கும் இந்த வித்தை. இடக்கைப் பெருவிரலும் மற்ற விரல்களும் காசின் விளிம்பைப் பிடித்திருக்க, வலக்கை எடுப்பதுபோல் வந்து மூடும். அந்த மறைவில் காசு இடது உள்ளங்கையிலேயே விழும். வெறும் வலக்கை முஷ்டியாகி விலகும். பிள்ளை இடக்கையைப் பார்த்தால் குட்டு உடையும். ஆகவே வலக்கையைப் பார்க்க வேண்டும், பிறகு நிமிர்ந்து எதிரிலிருப்பவர் கண்ணை. "கூட்டத்தைப் பார்த்துப் பேசு" என்று ஆசிரியர் ஓராண்டு கத்தியும் நடக்காதது இருபது காசில் நடக்கிறது. வாயும் சும்மா இருக்க முடியாது. "சார், காசு எந்தக் கையில?" என்று சரியான நொடியில் கேட்டு, பதில் வரும்வரை பொறுக்க வேண்டும். வெள்ளவகை முற்றுப்புள்ளியை முதன்முதலாகச் சந்திப்பது இங்கேதான். கல்வகைக்கோ கையில் வேலை வந்துவிடுவதால் நிற்கிற நினைப்பே மறந்துபோகும்.

பேச்சு ஒப்பிப்பதற்கல்ல, எதையோ மறைப்பதற்கு என்றானதும் பிள்ளைக்குச் சரளம் வந்துவிடுகிறது. பெரியவர்களுக்கும் இவ்விதி பொருந்துமா என்பது இந்நூலின் எல்லைக்கு வெளியே. தொல்காப்பியர் வரிசையில் மருட்கைக்கும் பெருமிதத்துக்கும் நடுவில் அமர்ந்திருப்பது அச்சம். வித்தை தெரிந்த பிள்ளை மருட்கையைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டுப் பெருமிதத்தைத் தான் வைத்துக்கொள்கிறது. நடுவில் இருந்ததை வாங்க ஆளில்லை.

புறனடை: மூன்று நிமிடம் 'நேரம் பொன் போன்றது' என்று முழங்கியவனிடம் யாரும் வந்து எதுவும் கேட்பதில்லை. காசை மறைத்தவளைச் சிற்றுண்டிச்சாலைவரை நாலு பேர் துரத்துகிறார்கள்: "எப்படி செஞ்ச, சொல்லு!" ஒரு பொட்டலம் நாசி லெமாக்குக்குப் பாதி ரகசியம் என்று அவள் அங்கே நடத்தும் பேரம் தனி நூலாக எழுதத் தக்கது.