எம்மதமும் சம்மதம் கண்ட பேரரசர்

நெப்போலியன் பேரரசரே! எம்மதமும் சம்மதம் என்று சொன்னவர்கள் பலர் உண்டு. அதை ஆட்சிமுறையாகவே ஆக்கிக் காட்டியவர் நீர். கத்தோலிக்கனாகிப் பிரான்சின் வாந்தே பகுதிக் கிளர்ச்சியை முடித்தேன், முஸ்லிமாகி எகிப்தில் காலூன்றினேன், யூதர்களை ஆள நேர்ந்தால் சாலமோனின் ஆலயத்தையே மறுபடி எழுப்புவேன் என்ற பொருள்பட, 1800இல் உம் அரசு ஆலோசனைக் குழுவில் மனம் திறந்து பேசினீர். பிற அரசர்கள் இதே காரியத்தைச் செய்துவிட்டு, கடவுள் கனவில் வந்து கட்டளையிட்டதாகச் சொல்வார்கள். கடவுள்மீது அப்படிப் பழிபோடாத பெருந்தன்மை உம்முடையது. கணக்கைக் கணக்கென்றே சொன்னீர்.

1798 ஜூலையில் அலெக்சாந்திரியாவில் இறங்கிய கையோடு அரபு மொழியில் அறிக்கை வெளியிட்டீர். இறைவன் திருப்பெயரால் தொடங்கிய அறிக்கை அது. எகிப்தை ஆண்ட மம்லூக்குகளைவிட நபியையும் குர்ஆனையும் நீரே அதிகம் மதிப்பதாகச் சொன்னீர். பிரெஞ்சுக்காரரும் உண்மையான முஸ்லிம்களே என்றீர்; வெறும் பேச்சாக விடாமல், ரோமுக்குப் போய்ப் போப்பாண்டவரின் ஆசனத்தைக் கவிழ்த்ததைச் சான்றாகக் காட்டினீர். அடுத்த மாதம் கெய்ரோவில் நபிகள் பிறந்தநாள் விழா நின்றுவிடாமல், பணம் தந்து நடத்தவைத்தீர். உம் பட்டாளத்தின் மேளமும் குழலும் அன்று முழங்கின. அக்டோபரில் அந்நகர மக்கள் கிளர்ந்தெழுந்தபோது உம் பீரங்கிகள் அல்-அஸ்ஹர் மசூதியைக் குறிபார்த்தன. படைவீரர்கள் குதிரைகளோடு உள்ளே புகுந்தார்கள். அக்காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் அல்-ஜபர்த்தி எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார். மசூதி வாசலில் நின்று கும்பிட்டுத் திரும்பிவிடும் மரியாதை அல்ல உம்முடையது; அது தொழுகை நடக்கும் இடம்வரை போனது.

பிரான்சில் புரட்சி பூட்டிவைத்த தேவாலயங்களுக்கு வாழ்வு கொடுத்தவரும் நீரே. 1801இல் போப்பாண்டவர் ஏழாம் பயஸுடன் உடன்படிக்கை செய்தீர். ஆயர்களைத் தேர்ந்து நியமிக்கும் பொறுப்பு உமக்கு; அவர்களுக்குச் சம்பளம் உம் கஜானாவிலிருந்து. 1802இல் அந்த உடன்படிக்கையோடு 77 விதிகளைச் சேர்த்து வெளியிட்டபோது போப்பாண்டவரிடம் கேட்டுச் சிரமம் கொடுக்கவில்லை. 1804இல் அதே முதியவரை ரோமிலிருந்து பாரிஸுக்கு வரவழைத்தீர். டிசம்பர் 2 அன்று நோத்ர்தாம் பேராலயத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு, மகுடத்தை உம் கையாலேயே எடுத்து உம் தலையில் சூட்டிக்கொண்டீர். அவருக்கு ஆசி கூறும் வேலை மட்டும் மிச்சம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் புகழ்வது 1806இல் வந்த உம் மறைக்கல்வி நூலை. பேரரசின் கத்தோலிக்கப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கவேண்டிய ஒரே நூல். தாய் தந்தையை மதித்து நட என்னும் நான்காம் கட்டளையை விளக்கும் இடத்தில் உமக்கென்று ஒரு பாடம். பேரரசருக்கு நாம் செலுத்தவேண்டியவை எவை? அன்பு, மரியாதை, கீழ்ப்படிதல், விசுவாசம், படைச்சேவை, வரி. இவற்றில் தவறினால் என்ன ஆகும்? நித்திய தண்டனைக்கு ஆளாக நேரிடும். வரி கட்டாதவனையும் படைக்கு வராதவனையும் சிறையில் தள்ளிய அரசர்கள் எத்தனையோ பேர். சிறைக்கு என்றாவது ஒருநாள் முடிவு உண்டு. நீரோ நரகத்தையே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தீர். அதற்குக் காவலர் வேண்டாம், கட்டடம் வேண்டாம், ஒரு பிள்ளையின் பயம் போதும். அந்தப் பாடத்தைப் பன்னிரண்டு வயதில் ஒப்பித்த பையனுக்கு 1813இல் பத்தொன்பது வயது. ரஷ்யப் பனியில் ஒரு பெரும்படையைப் பறிகொடுத்துத் திரும்பிய நீர், அந்த ஆண்டு மீசை முளைக்காதவர்களையும் திரட்டினீர். லைப்சிக் களத்தில் விழுந்த இளைஞர்கள் பாடத்தை மறக்கவில்லை, பேரரசரே. கடைசி எழுத்துவரை படித்ததைச் செய்தார்கள்.

உமக்காக ஒரு புனிதரையும் கண்டெடுத்தீர். பழைய தியாகிகள் பட்டியலிலிருந்து நியோபோலிஸ் என்றொருவரைத் தேடிப் பிடித்து, புனித நெப்போலியன் என்று ஆக்கினார்கள். திருநாள் ஆகஸ்ட் 15. உம் பிறந்தநாளும் அதுவே. மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் அதுவே; அவரை வெளியேற்றாமல் பக்கத்தில் இடம் கேட்டுக்கொண்டது உம் பணிவு.

திருமணத்தின் புனிதத்திலும் நீர் கண்டிப்பானவர். மனைவி ஜோசபினோடு திருச்சபை முறைப்படி நடந்த திருமணத்துக்குப் பங்குக்குருவும் இல்லை, சாட்சிகளும் இல்லை என்ற பெருங்குறையை, வாரிசுக்காக வேறொரு பெண் தேவைப்பட்டபோது உணர்ந்தீர். 1810இல் பாரிஸ் திருச்சபை மன்றம் அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்த்தது. மரீ லூயிசுடன் நடந்த புதுத் திருமணத்துக்கு 13 கர்தினால்கள் வரவில்லை. அவர்களுடைய சிவப்பு அங்கியைப் பறித்துக் கறுப்பு உடுத்தவைத்து எளிமை கற்பித்தீர்.

தீர்ப்புக்குப் போப்பாண்டவரிடம் போயிருக்கலாம். அவரோ அப்போது உம் கைதி. 1809 ஜூலையில் உம் படையினர் ஏணி வைத்து மதிலேறி, ரோமின் குயிரினால் மாளிகையிலிருந்து அந்த 66 வயதுக்காரரைக் கொண்டுபோனார்கள். முதலில் சவோனாவில் வைத்தீர். 1812இல் நோயோடு நோயாக ஃபோந்தேன்புளோவுக்கு மாற்றினீர். 1814 வரை அவரை விடவில்லை.

நீர் வீழ்ந்த பிறகு உம் தாயாருக்கு ரோமில் அடைக்கலம் தந்தவர் அதே ஏழாம் பயஸ். நீர் செயின்ட் ஹெலினா தீவில் கிடந்தபோது, உம்மீது இரக்கம் காட்டும்படி 1817இல் இங்கிலாந்திடம் பரிந்து பேசச்சொல்லித் தம் அமைச்சருக்கு எழுதியவரும் அவரே. எந்த அரசுக்கும் எந்த லாபமும் தராத இந்த மதத்தை உம் ஆட்சியில் எந்தப் பாடநூலிலும் நீர் சேர்க்கவில்லை. அதை அறிந்த ஒருவரை நான்கரை ஆண்டுகள் அடைத்துவைத்தும் உயிரோடு திருப்பி அனுப்பினீர். அந்தப் புண்ணியம் உமக்கே உரியது.