கொத்தமல்லிக் கட்டு வரை அதிகாரம்

வங்கியில் பொது மேலாளராக இருந்தவன் நான் என்பது எங்கள் தெருவில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். இன்னொருத்தி என் மனைவி. அவளும் வெளியே சொல்வதில்லை.

கோடிக்கணக்கில் கடன் கொடுக்கக் கையெழுத்துப் போட்ட எனக்கு, வீட்டில் இப்போதுள்ள அதிகார வரம்பு ஒரு கட்டு கொத்தமல்லி. அதற்கு மேல் போனால் மேலிடத்துக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும். ஒருநாள் ஆவின் பாலைப் பற்றி முறையாக ஒரு குறிப்புத் தயாரித்தேன். நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6, காபிக்கு எது, தயிருக்கு எது, நம் வயதுக்கு எது என்று தலைப்பு வாரியாக. பழக்கதோஷத்தில் கீழே 'பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்றும் எழுதிவிட்டேன். பொறுமையாகப் படித்தாள். "பச்சை ரெண்டு. சீக்கிரம் போங்க, தீர்ந்துடும்" என்றாள். அந்தக் குறிப்பின் பின்பக்கத்தில் இப்போது இஸ்திரிக் கணக்கு இருக்கிறது.

நவம்பர் மாதத்தைப் பற்றி பென்ஷன்காரர்களிடம் கேளுங்கள். உயிரோடுதான் இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டிய மாதம். 2014-ல் ஜீவன் பிரமாண் வந்த பிறகு விரலை வைத்தால் போதும் என்றார்கள். வைத்தேன். பத்து விரலையும் வைத்தேன். இயந்திரம் ஏற்கவில்லை, வயதானால் ரேகை தேய்ந்துவிடுமாம். "தலைமுடியில லேசா தேய்ச்சுட்டு வைங்க தாத்தா" என்றது கவுன்ட்டர் பெண். என் தலையைப் பார்த்துவிட்டுத் தானே வாயை மூடிக்கொண்டது. கடைசியில் செல்போனை முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க." சிமிட்டினேன், உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. பதவியில் இருந்தபோது எத்தனையோ மீட்டிங்கில் கண்ணை மூடியே உட்கார்ந்திருக்கிறேன், ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

ராஜாஜி 1954-ல் முதல்வர் பதவியை விட்டபின் 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதினார்; 1958-ல் அதற்கு சாகித்ய அகாடமி பரிசு. நானும் சுயசரிதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே 'மேற்படி விஷயம் தொடர்பாக' என்று வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

எனக்குக் கைவந்தது வெண்டைக்காய். "நுனியை ஒடிக்காதீங்க பெரியவரே, அப்புறம் எவன் வாங்குவான்?" என்று தள்ளுவண்டிக்காரர் எல்லோர் முன்னாலும் கத்திய பிறகு, ஒடிக்காமலே பார்க்கப் பழகினேன். கட்டைவிரலால் நுனியை லேசாக நெட்ட வேண்டும். பிஞ்சு விறைத்து நிற்கும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் 'டக்'. முற்றல் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். ரொம்ப வளைந்து கொடுப்பதெல்லாம் உள்ளே முற்றல் என்கிற இந்த ஞானம் மட்டும் சர்வீசில் இருக்கும்போது வந்திருந்தால், வாராக்கடன் பாதியாகியிருக்கும்.

போன வாரம் அவள் தன் அக்காவிடம் போனில், "இவர் வாங்கினா ஒண்ணுகூட முத்தல் இருக்காது" என்றாள். பிரிவுபசார விழாவில் என்னை அரைமணி நேரம் புகழ்ந்தார்கள், ஒரு வார்த்தையும் நான் நம்பவில்லை. இதை நம்பினேன்.

லோன் விஷயமாக யோசனை வேண்டுமென்றால் தயவுசெய்து வேறு யாரையாவது பாருங்கள். வெண்டைக்காய் என்றால் காலை 7 மணிக்கு எங்கள் வாசலுக்கு வாருங்கள். பையை மட்டும் மறக்காமல் கொண்டு வந்துவிடுங்கள். வீட்டுப் பையை வெளியே கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.