ரூட்டு வாத்தியார்

உத்திரமேரூரில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டுமானால் செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ மதுராந்தகத்துக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால் ரயிலுக்கு வழி சொல்ல இங்கே ஆள் உண்டு. டீக்கடை பெஞ்சில் தினமும் உட்கார்ந்திருக்கும் அவரை ஊரே ‘ரூட்டு வாத்தியார்’ என்கிறது. நீங்களும் இவரைப் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு ஒருவர் இருக்கிறார்.

வெளியூர் போகிறேன் என்று யாராவது சொன்னால், மற்றவர்கள் ‘என்ன விசேஷம்?’ என்பார்கள். இவர் ‘எந்த வழியா?’ என்பார். கொல்லத்தில் கல்யாணம் என்றால் முகூர்த்தமெல்லாம் இவருக்கு இரண்டாம் பட்சம். “செங்கோட்டை வழியாப் போங்க. ஆரியங்காவு தாண்டினா பதிமூணு கண் பாலம். 1904-ல ஓட ஆரம்பிச்ச லைன். வெளிச்சத்துல பார்க்கணும்” என்பார். அந்தப் பேச்சைக் கேட்டுப் போனவர் பாலத்தைப் பார்த்தார். தாலி கட்டியதைப் பார்க்கவில்லை.

சமீபத்தில் அரிசி மண்டிக்காரர் ஒருவர் வந்து மாட்டிக்கொண்டார். மகனுக்கு ஜூரிக்கில் வேலை.

“ஆல்ப்ஸ் மலையில ரயில்ல கூட்டிட்டுப் போறானாம். கிளேசியர் எக்ஸ்பிரஸா, பெர்னினா எக்ஸ்பிரஸான்னு கேக்கறான் வாத்தியாரே.”

வாத்தியார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “கிளேசியர், செர்மாட்லேருந்து செயின்ட் மோரிட்ஸுக்கு. எட்டு மணி நேரம், 291 பாலம், 91 குகை. உலகத்துலயே மெதுவான எக்ஸ்பிரஸுன்னு பெருமையாச் சொல்லிக்குவாங்க. நாம அந்த வேகத்துக்கு பாசஞ்சர்னு பேர் வெச்சு டிக்கெட்டையும் குறைச்சோம்.”

“அதுக்கே போட்டுடலாமா?”

“அது ஏறுற உச்சமே 2033 மீட்டர். நம்ம ஊட்டி ஸ்டேஷன் 2203. ஊட்டிக்கும் கீழ இருக்கிற இடத்துக்கு எதுக்கு பிளேன் ஏறிப் போகணும்?”

“அப்ப பெர்னினா?”

“2253. ஊட்டியைவிட 50 மீட்டர் ஒசரம். அந்த அம்பதுக்குத்தான் விசா.”

மண்டிக்காரர் முகம் வாடியதும் வாத்தியார் இறங்கி வந்தார். “ஆனா அதுல ஒரு சூட்சுமம். ஊட்டி ரயிலோட பல்சக்கர முறை, ரோமன் ஆப்டுங்கற சுவிஸ்காரர் கண்டுபிடிச்சது. இன்ஜினும் அங்கே விண்டர்தூர்ல செஞ்சு வந்துது. பல்லை நமக்குக் குடுத்துட்டு, பெர்னினாவுல அவங்க பல்லே இல்லாம ஏறுறாங்க! புருசியோவுல வட்டப் பாலத்துல ஒரு முழுச் சுத்து சுத்தி, தன் அடியிலேயே புகுந்து இறங்கும்.”

“சரி, அதையே...”

“அவசரப்படாதீங்க. அந்த எக்ஸ்பிரஸ்ல கண்ணாடி பெரிசு, ஆனா திறக்காது. அதே தண்டவாளத்துல சாதா வண்டியும் ஓடுது. முன்பதிவு வேணாம். புடிச்ச ஸ்டேஷன்ல இறங்கி அடுத்த வண்டியில ஏறலாம்.”

அருமையான யோசனை. வாத்தியார் அங்கேயே நிறுத்தியிருந்தால் மண்டிக்காரர் பிழைத்திருப்பார். அடுத்து கோடையா, பனிக்காலமா? காலையா, மதியமா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு டீ, காசு மண்டிக்காரருடையது.

கடைசியில் மண்டிக்காரரின் மனைவிதான் பொறுமையிழந்தார். “வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துலயே எழுதியிருக்கு. ரெண்டு சீட்டு எழுதிக் குடத்துல போட்டு, பேரனை எடுக்கச் சொல்லுங்க!”

பராந்தகச் சோழன் காலத்தில் ஊர்ச் சபையையே குடவோலையில் தேர்ந்தெடுத்த ஊர். ஒரு ரயிலைத் தேர்ந்தெடுக்க முடியாதா? வாத்தியார் ஒப்பவில்லை. “அந்தக் கல்வெட்டுல தகுதியும் சொல்லியிருக்கும்மா. வயசு 35-லேருந்து 70-க்குள்ள இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், கணக்குக் காட்டாதவன் பேரை எழுதக் கூடாது. ரூட்டுக்கும் முதல்ல தகுதி வகுக்கணும்” என்று நோட்டைத் திறந்தார். அவர் வகுத்து முடிப்பதற்குள் மகன் பெர்னினா எக்ஸ்பிரஸுக்குப் பணம் கட்டிவிட்டான்.

ஊர் திரும்பியவரிடம் வாத்தியார் கேட்டது ஒரே கேள்வி: “எந்தப் பக்கம் ஒக்காந்தீங்க?”

“இடது பக்கம்.”

“அடடா!”

வலது பக்கம் என்று சொல்லியிருந்தாலும் அதே ‘அடடா’தான்.

வாத்தியார் இதுவரை ஊட்டி ரயிலில்கூட ஏறியதில்லை. நீலகிரி எக்ஸ்பிரஸைச் சென்ட்ரலில் பிடிப்பதா, காட்பாடியில் பிடிப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

உங்கள் ஊர் வாத்தியாரை டிக்கெட் எடுத்த பிறகு போய்ப் பாருங்கள். பாலம், குகை, கணவாய் எல்லாவற்றையும் அவர் வாயால் கேட்டுவிட்டுப் போனால் பயணம் இன்னும் ருசிக்கும். எடுப்பதற்கு முன்னால் போனீர்களானால், உங்களுக்கும் அந்த பெஞ்சுதான்.