ஒரே தாத்தா, ஐந்து பாஸ்போர்ட்

காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அந்த எழுபதும் முடிவதற்குள் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தன் நாலு தலைமுறைக் கதையையும் சொல்லி முடித்துவிடுவார் ஒருவர். செம்மேட்டுக்குப் பக்கத்தில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக் கொடி, கொஞ்சம் காப்பி, பூர்வீகம் புதுச்சேரி. மலையில் அவருக்குப் பெயர் ‘பிரெஞ்சுக்காரர்’. பிரான்ஸ் அரசாங்கம் மட்டும்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிரான்சின் தேசிய தினமான ஜூலை 14 வந்தால் தூறலிலும் கோட்டு மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருவார். சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி வாங்கிவிட்டு ‘மெர்சி’ என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். விற்ற அம்மாள் சந்தேகத்தோடு காசை இன்னொரு முறை எண்ணிக்கொள்வார்.

அவர் சொல்வதில் பாதி சரித்திரம். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் அன்றிலிருந்து இந்தியர்கள். வேண்டாம், பிரெஞ்சுக்காரராகவே இருக்கிறேன் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஆயிரம் பேர் கொடுத்தார்கள்.

“எதிர்வீட்டுக்காரர் ஒரு கையெழுத்துப் போட்டார் சார், இன்னிக்குப் பேரன் பாரீஸ்ல வீடு வாங்கிட்டான். எங்க தாத்தா அந்த ஆறு மாசமும் திண்ணையில உக்காந்து வெத்தலை போட்டாரு.” தாத்தாவுக்குத் திவசம் கொடுக்கும் அன்றுகூட இந்த வருத்தம் அவருக்கு ஆறுவதில்லை.

தாத்தா கைவிட்டால் என்ன, பூட்டன் இருக்கிறாரே! 1881-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சொந்த வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு வருகிறேன் என்று பதிவு செய்து, புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். பூட்டன் அப்படிப் பதிந்திருப்பார் என்பது இவர் ஆராய்ச்சி. அதற்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. பூச்சி அரிக்காமலிருக்க உள்ளே வசம்பு. பிறப்புப் பதிவின் நகலில் தாத்தா பெயருக்கு ஒரு ‘எஸ்’, திருமணப் பதிவில் இரண்டு ‘எஸ்’. அந்தக் கூடுதல் ‘எஸ்’ யாருடையது என்று நிரூபிக்கத்தான் வக்கீலுக்கு இரண்டு அறுவடை மிளகு போயிருக்கிறது.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்திய வள்ளல். நம்மவர் குறியும் அதேதான்: ஒரே தாத்தாவில் தான், மனைவி, மகன், மகள், மாப்பிள்ளை.

டீக்கடையில் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார் ஒரு மலையாளிப் பெரியவர். (கேரளக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், இம்மலையின் பழங்குடியினர் பெயரே அதுதான்.) “எங்க பாட்டனுங்க அண்ணந்தம்பி மூணு பேரு காஞ்சிபுரத்துல இருந்து வந்து, ஆளுக்கொரு மலை ஏறினாங்கன்னு சொல்லுவாங்க. அங்க போய்க் கேட்டா எனக்கும் ஏதாச்சும் குடுப்பாங்களாங்க?”

பிரெஞ்சுக்காரர் அதற்கு ஆவணம் கேட்டார்.

வம்சாவளி வழி அடைபட்டால் கல்யாண வழி. பிரெஞ்சுக் குடிமகளைக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் குடும்பம் நடத்தி, பிரெஞ்சும் பேசத் தெரிந்தால் மகன் விண்ணப்பிக்கலாம். புதுச்சேரிக் கல்யாணச் சந்தையில் ‘பிரெஞ்சு நேஷனாலிட்டி’க்கு என்றுமே மவுசு உண்டு. மருமகள் மூலம் மாமனாருக்குக் குடியுரிமை வராது என்று வக்கீல் சொல்லிவிட்டார். இவர் இப்போது வேறு வக்கீல் பார்க்கிறார்.

இதில் ஒரு சிக்கல். ‘ரெண்டாவது குடியுரிமை’ என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறாரே, நம் நாட்டில் அப்படி ஒன்று கிடையாது. 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, விரும்பி வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற மறுகணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பதிலுக்கு ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம். அதை வைத்துக்கொண்டு விசா இல்லாமல் வரலாம், போகலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலமோ எஸ்டேட்டோ வாங்க முடியாது.

கடைசி வரியைக் கேட்டதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். பக்கத்துக் காட்டின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். ஒரு கிளாஸ் டீ முழுக்க யோசித்தார். ஏற்கெனவே கையில் இருக்கும் நிலத்தை வைத்துக்கொள்ளத் தடையில்லை என்று தெரிந்த பிறகுதான் முகத்தில் ரத்தம் ஓடியது. “அப்ப முதல்ல பத்திரப் பதிவு, அப்புறம் பிரான்ஸு!”

பத்திரம் முடிந்துவிட்டது, மகனுக்கு வரன் பார்க்கிறார். ஜாதகம் பார்ப்பதில்லை, நகை நட்டு வேண்டாம், சமையல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பெண் பிரெஞ்சுக் குடிமகளாக இருக்க வேண்டும். தெரிந்த இடம் இருந்தால் சொல்லுங்கள். தரகுக்கு ரெண்டு கிலோ மிளகு தருவார்.