பொள்ளாச்சி எண்ணெயும் பிட்ஸ்பர்க் துப்பாக்கியும்

பிட்ஸ்பர்க்,
புரட்டாசி மாசம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கொப்பரை விலை இறங்கிடுச்சுன்னு போன்ல வருத்தப்பட்டீங்க. அதுக்கு எங்கிட்ட மருந்தில்லை. ஒரு துப்பாக்கிக் கதை இருக்குதுங்க.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அவங்க அய்யன் விட்டுட்டுப் போன இத்தாக்கா 37 துப்பாக்கி ஒண்ணு, ரொம்ப வருசமாப் பொட்டிக்குள்ள கிடந்துச்சு. பன்னெண்டு போர், முன்கட்டையை இழுத்துத் தள்ளிச் சுடறது. அதை வாங்கிக்கப் போற பேரனுக்கு இப்ப 12 வயசு. பென்சில்வேனியாவுல வேட்டைப் பாடம் படிச்சுத் தேறினா அந்த வயசுல லைசென்ஸ் குடுக்கறாங்க. பெரியவங்க கூடப் போகோணும், அவ்வளவுதான். நம்ம அப்பாரு துப்பாக்கி எலக்சனுக்கு எலக்சன் போலீஸ் ஸ்டேசன் போய்ட்டு வந்ததோட சரி, வெடிச்சு நான் கேட்டதே இல்லைங்க.

பையனுக்கு இடது கை. அதுக்கும் இந்தத் துப்பாக்கி தோதுங்க: காலித் தோட்டா பக்கவாட்டுல பறக்காது, அடியில விழுகும். பெரியவர் முதல்ல, உள்ள தோட்டா இல்லைன்னு ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் கழட்டினார். பழைய எண்ணெய் பிசினாட்டம் இறுகிக் கிடந்துச்சு. துருவை மெல்லிசான இரும்புப் பஞ்சுல எண்ணெய் தொட்டு நீவினார். "இந்நேரம் எங்கூர்ல புளி போட்டுத் தேச்சுப் பளபளன்னு ஆக்கியிருப்பாங்க"ன்னேன். குழலோட நீலம் போச்சுன்னா மதிப்பும் போச்சுன்னு அலறிட்டார்.

பின்கட்டை பையன் கைக்கு நீளம். அறுத்தார். அறுத்த துண்டை வீசலைங்க, பேர் எழுதிப் பத்திரம் பண்ணினார். பையன் வளர வளர மறுபடி ஒட்டிக்கலாமாம். வளர்ற பிள்ளைக்கு மடிச்சுத் தைக்கிற நம்ம பள்ளிக்கூட டவுசர் கணக்கு! இந்த மாடல் எடை குறைச்சல், அதனால உதை சாஸ்தி. பின்னால ரப்பர் வெச்சு, மருந்து கம்மியான தோட்டா வாங்கினார்.

கட்டைக்கு மெருகேத்த நான் நம்ம தோட்டத்துத் தேங்காயெண்ணெயைப் பெருமையா நீட்டினேன். வாங்கலைங்க. தேங்காயெண்ணெய் மரத்துல காயாதாம், குளிர்ல உறைஞ்சிடுமாம். ஆளிவிதை எண்ணெய்தான் காஞ்சு பிடிக்குமாம். நம்மூர்க் கௌரவமும் அன்னிக்கே உறைஞ்சிருச்சு.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. இங்க வேட்டைத் துப்பாக்கி, தோட்டா விலையிலேயே 11 சதவீத வரி அடக்கம். 1937ல போட்ட சட்டம். அந்தக் காசு காட்டு உயிருங்களைக் காப்பாத்தத்தான் போகுதாம்! நமக்கு 1972ல வந்த சட்டத்தால வேட்டை முடிஞ்சுது. இப்ப மயில் வந்து தக்காளியைக் கொத்தினா நீங்க கையைத் தட்டிக் கெஞ்சிட்டு நிக்கறீங்க.

இத்தனை ஏற்பாடும் எதுக்குன்னு நினைக்கறீங்க? அணில் சுடறதுக்குங்க! புலியையே பிடிக்கற மாதிரி நெஞ்சு, முதுகு, தலையெல்லாம் ஆரஞ்சு மாட்டிட்டுக் கிளம்பறாங்க. இந்த ஊர் அணிலுக்கு முதுகுல ராமர் போட்ட கோடு இல்லீங்க, அந்தத் தைரியமோ என்னமோ.

போன வருசம் நாங்க குடுத்த பள்ளிபாளையம் சிக்கனைப் பெரியவர் மறக்கலை. பையன் அடிச்சுட்டு வர்ற முதல் அணிலை அதே மாதிரி தேங்காய்ப் பல்லு போட்டு வறுக்கோணுமாம். உங்க மருமக புரட்டாசின்னு சொல்லித் தப்பிச்சுட்டா. அவர் விடுவாரா? ஐப்பசி என்னிக்குப் பொறக்குதுன்னு எங்க காலண்டரைப் பாத்துக் குறிச்சுட்டுப் போயிருக்கார்.

சித்திக்கு என் வணக்கம் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க அன்பு மகன்